கிரேக்கத்தில் புறநகருக்கு 'ப்ரொஆஸ்தியொ' என்று பெயர் வந்தது எப்படி?

கேள்வி இது: "செயலி வழியாகக் கிரேக்கம் படிக்கிறேன். இன்று 'ப்ரொஆஸ்தியா' என்ற சொல் வந்தது. புறநகர்கள் என்று பொருள் போட்டிருந்தது. இதில் இருக்கும் 'அஸ்தி'யும் போலீஸுக்குச் சொல்லும் 'அஸ்தினொமியா'வில் இருக்கும் 'அஸ்தி'யும் ஒன்றா? 'ப்ரொ' என்றால் 'முன்பு' என்கிறார்கள். அப்படியானால் ஓர் இடம் நகரமாக மாறுவதற்கு முந்தைய நிலை என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தச் சொல் நம்முடைய வாஸ்துவிலிருந்து போனது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?"

மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லை உடைத்தால் துண்டுகள் கிடைக்கின்றன, அந்தத் துண்டுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? சுருக்கமாகச் சொன்னால், போலீஸ் விஷயத்தில் உங்கள் ஊகம் சரி. 'நகரமாவதற்கு முந்தைய நிலை' என்பது சரியில்லை. வாஸ்து பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் 'இங்கிருந்து போனது' என்பது தவறு. நான் பழைய கிரேக்கத்தை முறையாகப் படித்துவிட்டு, பிறகு பல வருடம் ஏதென்ஸில் இருந்து இன்றைய கிரேக்கத்தில் வேலை பார்த்தவன். அதனால் நூல்களில் இந்தச் சொல் எப்படி வருகிறது, தெருவில் எப்படிப் புழங்குகிறது என்பதை நேரடியாகப் படித்தும் கேட்டும் சொல்ல முடியும். நூல்களுக்கும் முந்தைய காலத்து வேர்களைப் பற்றிப் பேசும்போது, ஒப்பீட்டு மொழியியலாளர்கள் சொன்னதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

முதலில் உச்சரிப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒருமை ப்ரொஆஸ்தியொ, பன்மை ப்ரொஆஸ்தியா. ப்ரொ, ஆ, ஸ்தி, ஒ என்று நான்கு அசை. அழுத்தம் இரண்டாவது அசையில் விழும், அதனால்தான் அந்த 'ஆ' நீண்டு கேட்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிரேக்கத்தின் 'த' நம்முடைய 'த' போலவே நாக்கு பல்லைத் தொட்டு வருவது, 'ஒ'வும் நம் குறில் ஒகரம்தான். ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு 'ப்ரோஆஸ்டியோ' என்று பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். இன்னொன்றையும் கவனியுங்கள். வீடு என்பதற்கான 'ஸ்பீதி' பன்மையில் 'ஸ்பீத்யா' என்று இரண்டே அசையாகச் சுருங்கிவிடும். ப்ரொஆஸ்தியா அப்படிச் சுருங்காது. கிரேக்கத்தில் இது ஒரு நல்ல தடயம். ஊர்வாயில் இடைவிடாமல் புழங்கிய சொற்களில் அந்த 'இ' ஒலி தேய்ந்து அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். படித்தவர்கள் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்களில் அது பெரும்பாலும் தேயாமல் நிற்கும். இன்றைய கிரேக்க அகராதிகளும் ப்ரொஆஸ்தியொவைப் படித்தவர் வழி வந்த சொல் என்றே குறிக்கின்றன.

சரி, இப்போது உடைத்துப் பார்ப்போம். ப்ரொ என்பது முன். அஸ்தி என்பது நகரம். பழங்காலத்தில் 'அஸ்து', அதிலும் கடைசி உயிர் உகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவில் ஒலித்த ஒன்று. தமிழில் உள்ள அஸ்தி, ஆஸ்தி இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பிரிப்பில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பழைய நூல்களில் சொல் 'ப்ரொஆஸ்தெயொன்' என்றும் 'ப்ரொஆஸ்தியொன்' என்றும் இரண்டு வடிவில் வருகிறது. இரண்டும் 'நகரத்துக்கு முன்னால் இருப்பது' என்ற பொருளில் அமைந்த சொற்கள்தான்.

உங்கள் குழப்பம் 'முன்' என்பதில்தான். தமிழிலும் முன் என்றால் இடமும் உண்டு, காலமும் உண்டு. வீட்டுக்கு முன் என்கிறோம், முந்தாநாள் என்கிறோம். கிரேக்க 'ப்ரொ'வும் அதே மாதிரி இரண்டு வேலையும் செய்கிறது. 'ப்ரொக்தெஸ்' என்றால் அப்படியே முந்தாநாள். ஆனால் கட்டடம், ஊர், வாசல் போன்ற சொற்களோடு சேரும்போது அது இடத்தைத்தான் காட்டும். ஏதென்ஸின் மேட்டுக் கோட்டையான அக்ரொபொலிஸில் ஏறும்போது நீங்கள் கடந்து போகும் பெரிய வாயில் மண்டபம் 'ப்ரொபிலேயா'. கி.மு. 437 முதல் 432 வரை கட்டியது, 'பிலி' என்ற வாசலுக்கு முன்னால் இருப்பது என்று பொருள். கோயில் கருவறைக்கு முன்னுள்ள மண்டபம் 'ப்ரொனாவொஸ்'. மருந்துக் கடையில் விற்கும் புரொபோலிஸ்கூட இந்தக் குடும்பம்தான். தேனீக்கள் கூட்டின் வாசலில் பூசி அடைக்கும் பிசின் அது. 'பொலிஸ்' என்ற ஊருக்கு முன்னால் இருப்பதால் அந்தப் பெயர் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ப்ரொஆஸ்தியொவும் இதே வரிசைதான். நகரத்தின் மதிலுக்கு முன்னால், வாசலைத் தாண்டியதும் கிடக்கும் நிலம். அது பின்னால் ஒரு நாள் நகரமாக வளரும் என்ற எதிர்பார்ப்பு எதுவும் அந்தச் சொல்லில் இல்லை.

இதே இடத்தை லத்தீன்காரர்கள் 'சுபுர்பியம்' என்றார்கள். 'சுப்' என்றால் கீழே, அல்லது ஒட்டினாற்போல. 'உர்ப்ஸ்' என்றால் நகரம். ஆங்கிலத்தின் சபர்ப் அதிலிருந்து வந்தது. தமிழில் நாம் புறம் என்கிறோம். மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினாலும் கிரேக்கச் சொல்லில் மட்டும் ஒரு முகப்பு இருக்கிறது. வருகிறவன் முதலில் பார்ப்பதும், முற்றுகையிட வரும் எதிரி முதலில் மிதிப்பதும் அந்த நிலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய நூல்களைப் படித்தால் அந்தச் சொல் ஏன் அங்கே வருகிறது என்பது தெளிவாகும்.

அதற்கு முன் அஸ்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நகரம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த கிரேக்கச் சொல் பொலிஸ்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பொலிஸ் என்பது குடிமக்களும் சட்டமும் சேர்ந்த அரசியல் அமைப்பு. அஸ்து என்பது வீடும் தெருவும் நெருங்கிய குடியிருப்பு. பழைய காலத்தில் பொலிஸ் என்றால் மேட்டுக் கோட்டையையும் குறித்தது. தம் காலத்திலும் ஏதென்ஸ்காரர்கள் அக்ரொபொலிஸை வெறுமனே 'பொலிஸ்' என்றே அழைத்தார்கள் என்று பழங்கால வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அப்போது கீழே மக்கள் வாழ்ந்த பகுதி அஸ்து. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பார்த்தால், உள்ளே இருக்கும் ஏதென்ஸ் நகரம் அஸ்து. கி.மு. 508-507இல் அரசியல் சீர்திருத்தவாதி கிளைஸ்தெனீஸ், ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பிரதேசத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்தபோது அவற்றின் பெயர்கள் அஸ்து, கடற்கரை, உள்நாடு. ஹோமரின் காவியத்தில் டிராய் வீரன் ஹெக்டரின் குழந்தைக்கு அஸ்தியனாக்ஸ் என்று ஊரார் வைத்த பெயருக்கு 'நகரத் தலைவன்' என்று பொருள். அப்பன் ஒருவனே டிராய் நகரத்தைக் காத்து நின்றதால் அந்தப் பெயர் என்று காவியமே காரணம் சொல்கிறது. இன்றைய பேச்சில் அஸ்தி தனியாக வருவது அபூர்வம். ஏதென்ஸைப் பற்றிப் பத்திரிகைகள் கொஞ்சம் கம்பீரமாக எழுதும்போது 'தொ க்லினொன் அஸ்தி', அதாவது புகழ்பெற்ற நகரம், என்று போடுவார்கள். மற்றபடி அது தன் குடும்பச் சொற்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது.

அந்தக் குடும்பத்தில்தான் உங்கள் போலீஸ் வருகிறது. அஸ்தினொமியாவின் இரண்டாம் பாதி, பங்கிடுதல், நிர்வகித்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. பழைய ஏதென்ஸில் 'அஸ்தினொமொஸ்' என்ற அதிகாரிகள் இருந்தார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் அவர்கள் பத்துப் பேர் என்கிறது. ஐந்து பேர் பிரேயஸுக்கு, ஐந்து பேர் நகரத்துக்கு. அவர்களுடைய வேலைப் பட்டியலைப் படித்தால் நம் ஊர் நகராட்சி சுகாதார அலுவலர்தான் கண்முன் வருகிறார். குழல் வாசிக்கும் பெண்களுக்கு இரண்டு திராக்மாவுக்கு மேல் கூலி வாங்காமல் பார்ப்பது, தெருவை ஆக்கிரமித்துக் கட்டடம் எழுப்பாமல் தடுப்பது, கழிவு அள்ளுகிறவர்கள் மதிலிலிருந்து பத்து ஸ்டேடியம் தூரத்துக்குள் அதைக் கொட்டாமல் கண்காணிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்து ஸ்டேடியம் என்றால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வரும். மதிலுக்கு முன்னால் உள்ள நிலத்தைக் குப்பைமேடாக விடக்கூடாது என்பதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பழைய பதவிப் பெயரைத்தான் நவீன கிரேக்க அரசு காவல்துறைக்கு எடுத்துக்கொண்டது.

அதே வேரிலிருந்து இன்னும் சில சொற்களைச் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'அஸ்திகொ' என்றால் நகரம் சார்ந்தது. நகரப் பேருந்து 'அஸ்திகொ', வெளியூர்ப் பேருந்து 'இபெரஸ்திகொ'. சிவில் சட்டம் 'அஸ்திகொ திகேயொ'. கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்வதற்கு 'அஸ்திஃபிலியா', நகர மோகம் என்றே மொழிபெயர்க்கலாம். இவற்றில் அழகானது 'அஸ்தீயொ'. பழங்காலத்தில் நகரத்துக்காரனின் நயமான பேச்சு என்று பொருள் தந்தது. அங்கிருந்து சாமர்த்தியமான பேச்சு, அப்புறம் இன்று வெறும் ஜோக். ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்துக்கான 'அஸ்தெரி', வானியலுக்கான 'அஸ்த்ரொனொமியா' ஆகியவை கேட்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேரைச் சேர்ந்தவை. தேர்வில் அஸ்த்ரொனொமியாவையும் அஸ்தினொமியாவையும் மாற்றி எழுதாத மாணவரை நான் பார்த்ததே இல்லை.

இப்போது அந்த முன்நிலத்துக்கே போகலாம். பழைய ப்ரொஆஸ்தெயொனில் என்ன இருந்தது? வீட்டுமனைகள் என்று நினைத்துப் படித்தால் படம் தவறாகிவிடும். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு கதையைப் பாருங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் லிடியாவின் அரசன் குரோசஸ், பாரசீகத்தின் சைரஸோடு மோதிவிட்டுத் தலைநகர் சார்டிஸுக்குத் திரும்பியிருக்கிறான். அப்போது நகரத்தின் ப்ரொஆஸ்தெயொன் முழுக்கப் பாம்புகள் நிறைகின்றன. மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் புல்லை விட்டுவிட்டு அந்தப் பாம்புகளைத் தின்கின்றன. குறி கேட்டால், பாம்பு மண்ணின் பிள்ளை, குதிரை வெளியிலிருந்து வரும் எதிரி, அந்நியப் படை வந்து மண்ணின் மக்களை அடக்கும் என்று பதில். ஆள் அனுப்பிய குரோசஸுக்கு அந்தப் பதில் போய்ச் சேரும் முன்பே சார்டிஸ் விழுந்துவிடுகிறது. கதையை நம்ப வேண்டியதில்லை. அந்தச் சொல் எதைக் காட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள். குதிரை மேயும் வெளி அது. எதிரி வருவதற்கான அறிகுறி அங்கே தோன்றுவதும் பொருத்தம்தான், ஏனென்றால் படை வந்து நிற்கப்போவது அதே நிலத்தில்.

தூசிடிடீஸிடம் இதே சொல் வேறு முகம் காட்டுகிறது. போரில் இறந்த ஏதென்ஸ் வீரர்களை நகரத்தின் மிக அழகான ப்ரொஆஸ்தெயொனில் உள்ள பொதுக் கல்லறையில் அடக்கம் செய்வார்கள் என்கிறார். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொபொனேசியப் போரின் முதல் ஆண்டு முடிவில் ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸ் ஆற்றிய புகழ்பெற்ற இரங்கல் உரை நடந்ததும் அங்கேதான். அந்த இடம் கெரமிகொஸ் வட்டாரத்தில், டிபிலொன் வாசலுக்கு வெளியே. குயவர்கள் வாழ்ந்த பகுதி அது. குயவர் மண்ணுக்கு 'கெரமொஸ்' என்று பெயர். பாரசீகப் படையெடுப்புக்குப் பிறகு, கி.மு. 479-478இல் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்கிளீஸ் அவசர அவசரமாக எழுப்பிய மதில் அந்தக் குயவர் பகுதியை இரண்டாகப் பிளந்தது. பாதி மதிலுக்கு உள்ளே, பாதி வெளியே. அவசரத்தில் பழைய கல்லறைக் கற்களைக்கூடச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். வெளியே போன பாதியில் சாலை ஓரமாகக் கல்லறைகள் வரிசை கட்டின. 1913 முதல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் அங்கே அகழாய்வு செய்துவருகிறது. ஏதென்ஸ் போனால் கட்டாயம் பாருங்கள். மதிலின் அடிப்பகுதி தெரியும், வாசல் தெரியும், நீங்கள் நிற்கும் பக்கம் 'ப்ரொ' என்பதும் தெரியும்.

மதிலுக்கு வெளியே இறந்தவர்கள் மட்டும் இருக்கவில்லை. டிபிலொன் வாசலிலிருந்து ஆறு ஸ்டேடியம், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, நடந்தால் அகாதமி வரும். தூரத்தைச் சொன்னது ரோமானிய எழுத்தாளர் சிசரோ. ஹெக்காடெமொஸ் என்ற வீரனின் பெயரால் வழங்கிய தோப்பும் உடற்பயிற்சிக் களமும் அது. பிளேட்டோ பள்ளி நடத்தியது அங்கேதான். தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் அந்த இடத்தை விவரிக்க ப்ரொஆஸ்தெயொன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். அரிஸ்டாட்டில் பள்ளி நடத்திய லைசியமும் மதிலுக்கு வெளியே, ஊரின் எதிர்ப்பக்கத்தில். ஓடவும் மல்யுத்தம் செய்யவும் பரந்த இடமும் நிழலும் வேண்டும். அது மதிலுக்குள் கிடைக்காது. மேற்கின் தத்துவத்தில் பெரும்பகுதி புறநகரில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்ஸை முற்றுகையிட்டபோது முற்றுகை எந்திரங்களுக்கு மரம் தேவைப்பட்டது. அகாதமியின் மரங்களை வெட்டிவிட்டான். மதிலுக்கு முன்னால் இருப்பது என்றால் அதுதான்.

நடுக்காலத்தில் இந்தச் சொல் ஒரு வினோதமான திருப்பம் எடுத்தது, பல அகராதிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளின் தொடக்க காலத்தில் ப்ரொஆஸ்தெயொன் பழைய பொருளிலேயே நகர்வெளிக் குடியிருப்பைக் குறித்தது. ஏழாவது மைல்கல்லில் இருந்ததால் ஹெப்டொமொன் எனப்பட்ட இடம் அப்படிப்பட்டது. 364இல் வாலென்ஸைப் பேரரசனாக அறிவித்தது அங்கேதான், இன்று இஸ்தான்புலின் பக்கிர்கொய். பணக்காரர்களுக்கு இந்த நகர்வெளிகளில் தோட்டமும் பண்ணையும் இருந்தன. காலப்போக்கில் சொல் இடத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பிடித்துக்கொண்டது. வெனிஸின் மார்சியானா நூலகத்தில் உள்ள ஒரு பைசாந்திய வரிவிதிப்புக் கையேடு, பெரும்பாலும் 10ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படுவது, ப்ரொஆஸ்தெயொனுக்குத் தெளிவாக இலக்கணம் சொல்கிறது. உரிமையாளர் தானே போய்க் குடியிருந்தால் அதற்கு வேறு பெயர். அவர் அங்கே வாழாமல், அடிமைகளோ கூலியாட்களோ இருந்து பயிர் செய்தால் அது ப்ரொஆஸ்தெயொன். அதாவது நகரமே பக்கத்தில் இல்லாத ஒரு பண்ணைக்கும் அந்தப் பெயர் பொருந்தும். இந்தக் காலத்து ஆவணத்தைப் படிக்கும்போது 'புறநகர்' என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு.

இன்றைய பொருளில் சொல் நிலைபெற்றது நவீன கிரேக்க நாடு உருவான பிறகு. 1834இல் தலைநகரானபோது ஏதென்ஸ் அக்ரொபொலிஸின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிறிய ஊர். அது வளர வளர, சுற்றியிருந்த கிராமங்கள் ஒவ்வொன்றாக ப்ரொஆஸ்தியா ஆயின. கிஃபிசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தில் அது நகரத்தை ஒட்டிய இடமே இல்லை. தனக்கென்று பெயரும் குடிமக்கள் பதிவும் கொண்ட தனி ஊர். 2ஆம் நூற்றாண்டில் ஹெரோடிஸ் அட்டிகஸ் என்ற பெருஞ்செல்வர் அங்கே வைத்திருந்த மாளிகையின் குளிர்ந்த நிழலைப் பற்றி விருந்தினராகப் போன ரோமானிய எழுத்தாளர் ஆவுலஸ் கெல்லியஸ் எழுதியிருக்கிறார். 1885இல் நீராவி ரயில் போனதும் ஏதென்ஸ் பணக்காரர்கள் கோடைக்கு அங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'திரியோ', மிருகம். அது 1938இல் நின்றது. 1957இல் மின்ரயில் கிஃபிசியாவை எட்டியது. இன்று வடக்குப் புறநகர்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். 1922இல் துருக்கியரிடம் கிரேக்கப் படை தோற்ற ஆசியா மைனர் பேரழிவுக்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். ஏதென்ஸையும் பிரேயஸையும் சுற்றி அவர்களுக்காகக் குடியிருப்புகள் எழுந்தன. நெயா ஸ்மிர்னி, நெயா இயோனியா, நெயா ஃபிலடெல்ஃபியா என்று, விட்டுவந்த ஊர்களின் பெயருக்கு முன்னால் 'புதிய' என்று சேர்த்தார்கள். அவற்றுக்கு அன்று வழங்கிய சொல் 'சினிகிஸ்மொஸ்', குடியேற்றம். அதே காலத்தில் வசதி படைத்தவர்களுக்காகத் திட்டமிட்டு உருவான ப்சிஹிகொ, எகாலி போன்றவற்றைத் தோட்ட நகரம் என்றார்கள். இரண்டும் நகரத்துக்கு வெளியேதான் இருந்தன. இன்று நகராட்சி வரைபடத்தில் எல்லாமே ப்ரொஆஸ்தியா. ஆனால் பேச்சில் அந்தப் பழைய கோடு அழியவில்லை. 'வொரியா ப்ரொஆஸ்தியா' என்ற வடக்குப் புறநகர்கள் என்றால் திசையோடு வசதியும் அந்தஸ்தும் சேர்ந்து கேட்கும். 'தித்திகா ப்ரொஆஸ்தியா' என்ற மேற்குப் புறநகர்கள் என்றால் பெரிஸ்தேரி, எகாலெயொ போன்ற உழைப்பாளர் ஊர்கள் நினைவுக்கு வரும். 'நொதியா' என்றால் கடலோரத்துக் க்லிஃபாதா, வூலா. அகராதி இதைச் சொல்லாது. ஒருவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, 'வடக்கில்' என்ற பதில் வந்தால் அதில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பது கொஞ்ச நாள் அங்கே வாழ்ந்தால்தான் பிடிபடும்.

பழைய ப்ரொஆஸ்தெயொன்கள் என்ன ஆயின? கெரமிகொஸ் இப்போது மெட்ரோ நிலையம் உள்ள நடுநகரம். 1996இல் லைசியத்தின் உடற்பயிற்சிக் களம் வெளிப்பட்டது ஏதென்ஸின் மையத்தில் ஒரு கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது. அகாதமி இருந்த இடம் அடுக்குமாடிகள் சூழ்ந்த பூங்கா. அந்தப் பேட்டைக்கே பிளேட்டோ அகாதமி என்று பெயர். அவற்றை இன்று யாரும் புறநகர் என்று சொல்வதில்லை. மதில் எங்கே என்பதைப் பொறுத்தே இந்தச் சொல்லுக்குப் பொருள். மதில் போனதும், நகரத்தின் விளிம்பு எங்கே நகர்கிறதோ அங்கே சொல்லும் நகர்ந்துவிட்டது. இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், 2004 ஒலிம்பிக்ஸையொட்டி ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு ஓடத் தொடங்கிய 'ப்ரொஅஸ்தியகொஸ்' என்ற புறநகர் ரயில் கொரிந்த் நகரத்தையும் தாண்டி கியாதோ வரை போகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல்.

மிச்சம் இருப்பது வாஸ்து. அஸ்துவுக்கு முன்னால் ஒரு காலத்தில் 'வ' ஒலி இருந்தது என்பது உறுதி. போயோட்டியா போன்ற வட்டாரங்களின் கல்வெட்டுகளில் அந்த எழுத்து கண்ணுக்கே தெரிகிறது. ஹோமரின் யாப்பிலும் அதன் தடம் இருக்கிறது. ஆக மூல வடிவம் 'வஸ்து'. சமஸ்கிருத வாஸ்து என்றால் வீட்டு நிலம், குடியிருப்பு. ரிக்வேதத்திலேயே வீட்டைக் காக்கும் வாஸ்தோஷ்பதி என்ற தெய்வம் வருகிறது. இன்றைய சீனாவின் மேற்குப் பகுதியில் வழங்கி அழிந்துபோன தொகாரிய மொழியிலும் வீட்டுக்கு 'ஒஸ்த்', 'வஷ்த்' என்று ஒத்த சொற்கள் உண்டு. இவை எல்லாம், வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மொழியின் ஒரே மூலத்தின் கிளைகள் என்று பலர் கருதுகிறார்கள். தங்குதல், வசித்தல் என்ற பொருளுள்ள அந்த வேரில்தான் வடமொழியின் 'வஸ்' வினையும் இருக்கிறது. தமிழில் நாம் கடனாக வாங்கிய வசித்தல், வாசம் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'இரவு தங்கினேன்' என்ற ஹோமரின் வினை 'ஆஎஸா' என்று வருகிறது. அதில் வேரின் தொடக்கத்தில் ஓர் அகரம் முளைத்திருக்கிறது, நடுவில் எகரம் நிற்கிறது. அஸ்துவும் அதே வேர் என்றால் அதிலும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் இல்லை. ஒலிவிதிகளைக் கறாராகப் பார்ப்பவர்கள் அதனால் தயங்குகிறார்கள். வேறு வேர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே அஸ்துவும் வாஸ்துவும் உறவு என்பது நல்ல வாய்ப்புள்ள கருத்து, கணக்கு முடிந்த விஷயம் இல்லை. உறவு என்றாலும் அது சகோதர உறவு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை, இந்தியாவிலிருந்து கிரேக்கத்துக்குச் சொல் பயணம் போனதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வாஸ்து சாஸ்திரத்தைக் கிரேக்க நகர அமைப்போடு முடிச்சுப் போடுவதற்கும் இது இடம் தராது. கூடவே இரண்டு கற்பனைகளையும் தள்ளிவிடுங்கள். நம் வாசல், வாயில் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது, இந்தக் குடும்பத்தில் சேராது. லத்தீன் உர்ப்ஸும் தமிழ் ஊரும் ஒன்று என்பதும் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொல்வது.

கடைசியாகப் பயிற்சிக்கு ஒரு யோசனை. இந்தச் சொல்லை ஒருமையில் மனப்பாடம் செய்யாதீர்கள், பேச்சில் பெரும்பாலும் பன்மையில்தான் கேட்பீர்கள். 'மெனொ ஸ்த வொரியா ப்ரொஆஸ்தியா', வடக்குப் புறநகர்ப் பகுதியில் குடியிருக்கிறேன், என்று முழு வாக்கியமாகப் பழகுங்கள். ஆறாம் வேற்றுமைப் பன்மையில் அழுத்தம் இடம் மாறி 'தொன் ப்ரொஅஸ்தீயொன்' ஆகும், அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதும்போது, பழைய நூல்களில் பார்த்த நினைவில் 'ஸ்தெயொ' என்ற பழைய ஈரெழுத்தைப் போட்டுவிட வேண்டாம். கிரேக்கர்களே சிலர் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் இன்றைய முறையான எழுத்து ஒற்றை 'இ' உள்ளதுதான். இதே வீச்சில் 'சினிகியா' என்ற பேட்டை, 'யித்தொனியா' என்ற அக்கம்பக்கம், 'பெரிஹொரா' என்ற சுற்றுவட்டாரம் மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், ஏதென்ஸில் யாராவது தன் இருப்பிடத்தைச் சொல்லும்போது நகரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பது உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.